தட்டில் இல்லாத இரண்டு பாகங்கள்

போன வாரம் சேகர் போன் பண்ணினான். தட்டாஞ்சாவடியில் நான் வேலை பார்த்த வீல் அலைன்மென்ட் பட்டறையை இப்போது அவன்தான் நடத்துகிறான்.

"அக்கா, ஒரு வண்டி வந்துருக்கு. முன்பக்கத்த தரைய நக்குற மாதிரி எறக்கி வெச்சிருக்காங்க. ஓனரு ஆன்லைன்ல நீள பால் ஜாயிண்ட் வாங்கியாந்து மாட்டச் சொல்றாரு. மாட்டட்டா?"

"டை ராட் எண்டும் சேத்து வாங்கனாரா?"

"இல்லக்கா."

"அப்ப மாட்டாத."

சேகர் சிரித்தான். அவனுக்குத் தெரியாத பதிலா அது? "தெரியும்க்கா. பாய் ஞாபகம் வந்துச்சு, அதான் போன் பண்ணேன்" என்றான். போனை வைத்த பிறகு நான் அடுப்பை மறந்து உட்கார்ந்துவிட்டேன். சோறு குழைந்து போனது. குழைந்தாலும் பரவாயில்லை, இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

என் பெயர் தனம். வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமம். எங்கள் வீட்டில் எல்லோரும் கரும்பும் நெல்லும் பார்த்தவர்கள். எனக்கு வெயில் ஆகாது. பில் எழுத ஆள் வேண்டும் என்று யூசுப் பாய் பட்டறையில் கேட்டார்கள், போய் உட்கார்ந்தேன். பில் எழுதுகிறவளுக்குப் பாகத்தின் பெயர் தெரியவேண்டும். பெயர் தெரிந்தால் அது எந்த வண்டிக்கு என்று தெரியவேண்டும். அப்படியே ஸ்டோர் முழுக்க என் கைக்கு வந்துவிட்டது. ஸ்பேனர் பிடித்ததில்லை, வண்டிக்கு அடியில் படுத்ததில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரப்பர் புஷ்ஷைக் கையில் கொடுத்தால் எந்த கார், வலமா இடமா என்று சொல்வேன். எனக்கு இதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

யூசுப் பாய் குட்டையான மனிதர். வெள்ளைச் சட்டையோடு வருவார், வெள்ளைச் சட்டையோடு போவார். நடுவில் எப்போது வண்டிக்கு அடியில் போய் வந்தார் என்று யாருக்கும் தெரியாது. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "நல்லது" என்பார், அவ்வளவுதான். அந்த "நல்லது"வுக்கு மெக்கானிக்குகள் நடுங்கினார்கள்.

அவருடைய வேலை முறையில் இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, மணல் மூட்டை. கார் ஓட்டுகிறவர் உட்கார்ந்தால் வண்டி ஒரு பக்கம் அமுங்கும். காலி வண்டியில் சக்கரத்தை நேர் பண்ணிக் கொடுத்தால், அவர் ஏறி உட்கார்ந்ததும் அளவு கொஞ்சம் மாறிவிடும். அதனால் பாய் வாடிக்கையாளரின் எடையைக் கேட்டு, அதே எடைக்குச் சின்னச் சின்ன மணல் மூட்டைகளை சீட்டில் ஏற்றிய பிறகுதான் அலைன்மென்ட் பார்ப்பார். ஊரில் எத்தனை பேர் தங்கள் எடையை உண்மையாகச் சொல்கிறார்கள்? ஒரு மதாம், பிரான்ஸ் பென்ஷன்காரர், "இது ஒரு பொம்பளைக்கிட்ட கேக்கற கேள்வியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாய் அவரை ஒருமுறை பார்த்தார், சேகரிடம் விரலைக் காட்டினார், சேகர் மூட்டைகளை அடுக்கினான். மதாம் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "ஒரு மூட்டைய எறக்கிடுப்பா." பாய் இறக்கவில்லை.

இரண்டாவது சட்டம் என் பக்கம் வரும். கழற்றிய பழைய பாகம் எதையும் குப்பையில் போடக்கூடாது. ஒரு தகரத் தட்டில் வைத்து, வண்டி நம்பரை ஒட்டி, என் ஸ்டோர் அலமாரியில் வைக்கவேண்டும். வாடிக்கையாளர் வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்தி என்று சொன்ன பிறகுதான் அந்தத் தட்டு காலியாகும். "பழசு கண்ணு முன்னால இருந்தாத்தான் புதுசுக்கு மரியாத" என்பார் பாய்.

எல்லாம் முடிந்ததும் ட்ரையல். அது பாயுடைய வேலை, வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார். ரெட்டியார்பாளையம் தாண்டி விழுப்புரம் ரோட்டில் அப்போது ஒரு ரயில்வே கேட் இருந்தது. தண்டவாளம் ரோட்டைக் கோணலாக வெட்டும். அதனால் முன் சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஏறி இறங்கும். அந்த இடத்தில் ஸ்டீரிங்கை இரண்டு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டு போவார். திரும்பி வந்து வண்டியை நிறுத்திவிட்டு நேராகப் போய்க் கை கழுவினால் வேலை சரி. கை கழுவாமல் டீ கேட்டால் சரியில்லை என்று அர்த்தம். மிஷின் என்ன சொன்னாலும் பாய் கை கழுவினால்தான் நாங்கள் சாவி கொடுப்போம். பட்டறைக்கு இருந்த பெயரெல்லாம் அந்தக் கையால் வந்தது.

அந்தக் கை போய்விட்டது என்று அவரே ஒருநாள் சொன்னார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவருடைய ஒரே மகள் நசீமா சென்னையில் வேலை. கார் என்றால் உயிர். சாதாரண கார்தான், ஆனால் ஸ்பிரிங்கை மாற்றி முன்னும் பின்னும் இறக்கி, அகலச் சக்கரம் போட்டு வைத்திருந்தாள். பாய்க்கு அதில் இஷ்டமில்லை. ஆனால் மகள் மேல் இஷ்டம் இருந்ததே, என்ன செய்வார்? ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பார்சலோடு வந்தாள்.

"அத்தா, வண்டிய எறக்குனதுல லோயர் ஆர்ம் மேல பாத்து நிக்குது. வளைவுல ரொம்ப சாயுது. இது நீள பால் ஜாயிண்ட். போட்டா ஆர்ம் பழையபடி படுத்துக்கும்."

கார் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முன் சக்கரத்தைக் கீழே பிடித்துக்கொண்டிருப்பது ஒரு இரும்புக் கை, அதுதான் லோயர் ஆர்ம். அதன் நுனியில் சக்கரத்தோடு சேரும் மூட்டு, பால் ஜாயிண்ட். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தைத் தள்ளி இழுக்கிற இன்னொரு கம்பி இருக்கிறது, டை ராட். அதன் நுனி மூட்டுக்குப் பெயர் டை ராட் எண்ட். இந்த நாலும் தெரிந்தால் மீதிக் கதை புரியும்.

பாயே அடியில் படுத்து மாட்டினார். மகள் வண்டிக்கு வேறு யாரையும் விடவில்லை. மணல் மூட்டை ஏற்றி, மிஷினில் வைத்து, சக்கரத்தை நேர் பண்ணினார். திரை பச்சை காட்டியது. அதற்கு மேலும் நம்பாமல் பழைய முறைப்படி நூல் கட்டிப் பார்த்தார். நூலும் சரி என்றது. ட்ரையல் போனார்.

திரும்பி வந்து கையும் கழுவவில்லை, டீயும் கேட்கவில்லை. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். நசீமா ஊரில் இருந்த மூன்று நாளும் அந்த வண்டியை அவர் எடுத்து எடுத்துப் போனதைப் பார்த்தேன். பிறகு வேலை நிறைய இருக்கிறது என்று மகளை பஸ்ஸில் அனுப்பிவிட்டு வண்டியைப் பட்டறையிலேயே நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரத்திலிருந்து ட்ரையலுக்கு சேகரை அனுப்ப ஆரம்பித்தார். "முட்டி வலிக்குது, நீ போய்ட்டு வா" என்றார். சேகருக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். எனக்கு மட்டும் உறுத்தியது. முட்டி வலிக்கிற மனிதர் ஆபீஸ் படியைத் தாவித் தாவி ஏறுகிறாரே? ஸ்கூட்டரையும் விட்டுவிட்டு வீட்டுக்கு ஷேர் டெம்போவில் போனார். பேச்சும் குறைந்தது.

பிறகு ஒருநாள் மத்தியானம் ஸ்டோருக்கு வந்து, "பெரிய பேரிங் குண்டு ஒண்ணு குடும்மா" என்றார். எந்த வண்டிக்கு என்றேன். வாங்கிக்கொண்டு ஸ்டோருக்குள்ளேயே ரேக்குகளுக்குப் பின்னால் போனார். அங்கே என்ன வேலை என்று எட்டிப் பார்த்தேன். வலது கையை நேராக நீட்டி, விரித்த உள்ளங்கையில் அந்த இரும்புக் குண்டை வைத்து, அது ஆடுகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுக்கம் வந்து, டம்ளர்கூடப் பிடிக்க முடியாமல் போனது. பாய் தன் கையால்தான் அவருக்குக் கஞ்சி ஊட்டினார். அதெல்லாம் எனக்குத் தெரியும்.

"பாய், இன்னா பண்றீங்க?" என்றேன்.

அவர் திடுக்கிடவில்லை. குண்டைக் கைக்குள் மூடிக்கொண்டார். "கை போச்சு தனம்மா."

"யாரு சொன்னா? டாக்டரா?"

"டாக்டரு எதுக்கு? ரயில்வே கேட்டே சொல்லுது. தண்டவாளத்துல ஏறும்போது ஸ்டீரிங் துள்ளுது. ஒரு நூலளவு. ரோட்டுல ஒரு பக்கம் பள்ளம் வந்தாலும் அதே துள்ளு. பத்து தடவ போய்ப் பாத்துட்டேன்."

"வண்டியில இருக்கும் பாய்."

"எப்படி இருக்கும்? வண்டி நான் பாத்தது. மிஷின் பச்ச. நூலும் கட்டியாச்சு. வண்டியில ஒரு தப்பும் இல்ல. அப்ப மிச்சம் இருக்கறது யாரு?"

வேறொருவர் பார்த்த வண்டியாக இருந்தால் முதலில் அந்த ஆளைத்தான் சந்தேகப்பட்டிருப்பார். தான் பார்த்த வண்டி என்பதால் தன் கையைச் சந்தேகப்பட்டார். வேலை மேல் அவருக்கு அவ்வளவு கர்வம், அந்தக் கர்வமே அவரைக் கவிழ்த்தது.

"வேற வண்டி ஒண்ணு ஓட்டிப் பாக்கலாம்ல?"

"கை சரியில்லன்னு தெரிஞ்சப்புறம் அடுத்தவன் வண்டியில ஏறி பரீட்ச பாக்கச் சொல்றியா? ஹராம்மா அது." குண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஷெட்ட வாடகைக்குக் கேட்டு ஒருத்தர் வந்துருக்காரு. கார் கழுவுற கடை போடறாராம். மாசக் கடைசிக்குள்ள சொல்றேன்னுருக்கேன். ஒனக்கு மட்டும் சொல்றேன், பசங்களுக்குத் தெரிய வேணாம்."

அவர் போன பிறகு நான் அழுதேன். வேலை போகும் என்பதற்காகவும் அழுதேன், பொய் சொல்வானேன். ஆனால் ஒரு மனிதர் தன் கையை இரும்புக் குண்டை வைத்துச் சோதித்துப் பார்ப்பதைக் கண்ணால் பார்த்தேனே, அதற்காகத்தான் அதிகம் அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. என் சுபாவம் அது. நசீமா வண்டியின் தட்டு இன்னும் காலியாகாமல் அலமாரியில் இருந்தது. எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். அதில் கழற்றிய பால் ஜாயிண்ட் இரண்டு. புதுசு வந்த டப்பாவும் பக்கத்தில் கிடந்தது, அதன் மேல் பாகத்தின் படம் அளவோடு அச்சடித்திருந்தது. பழசைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். புதுசின் தண்டு ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு நீளம். அதாவது ஆர்மின் நுனி அவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது.

சரி, அதற்குப் பக்கத்திலேயே நிற்கிற டை ராட்? அது இறங்கியதா? இறங்கியிருந்தால் பழைய டை ராட் எண்ட் இரண்டும் இந்தத் தட்டில் இருக்க வேண்டுமே. தட்டில் இல்லை.

இரண்டு பேர் ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஒருவன் மட்டும் குனிந்துவிட்டால் பெஞ்ச் கோணிக்கொள்ளும் இல்லையா? எனக்கு அவ்வளவுதான் புரிந்தது. பாய் ஏன் இதைப் பார்க்கவில்லை என்றும் புரிந்தது. பழைய பாகத்தை எடுத்தால் அதே அளவில் புதுசு போடுவதுதான் எங்கள் பிழைப்பு. கம்பெனி வைத்த அளவைத் திரும்பக் கொண்டுவருவதிலேயே அவர் ஆயுசு போயிருந்தது. அளவு மாறின பாகத்தை அவர் கை அதுவரை தொட்டதே இல்லை.

தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய் அவர் மேஜையில் வைத்தேன்.

"பாய், இதுல ரெண்டுதான் இருக்கு. நாலு இருக்கணும்ல?"

பார்த்தார். முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு அந்தப் பழைய பால் ஜாயிண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்து வெளியே போய், "சேகரு, நசீமா வண்டிய ஏத்துடா. முன்னால ரெண்டு ஸ்பிரிங்கையும் கழட்டு" என்றார்.

ஸ்பிரிங் இல்லாமல், அது சுற்றி நிற்கிற ஸ்ட்ரட் தண்டை மட்டும் மாட்டினால் சக்கரத்தை ஜாக்கியால் மேலும் கீழும் தாராளமாக நகர்த்தலாம். ஸ்டீரிங்கைக் கயிறு போட்டு அசையாமல் கட்டினார்கள். சக்கரத்தில் ஒரு நேர்ப் பலகையைப் பொருத்தி, அதற்கு எதிரே நூலைக் கட்டி, பலகையின் முன் நுனிக்கும் பின் நுனிக்கும் நூல் எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். நிற்கிற உயரத்தில் இரண்டும் சமம். அதைத்தான் மிஷினும் சொல்லியிருந்தது. பாய் ஜாக்கியைத் தானே பிடித்து ஒரு அங்குலம் ஏற்றினார். பலகையின் முன் நுனி நூலை விட்டு விலகியது. இன்னும் ஏற்றினார். இன்னும் விலகியது. ஸ்டீரிங் கட்டியபடியே இருக்கிறது, சக்கரம் மட்டும் தானாகத் திரும்புகிறது.

எல்லோரும் பாயைப் பார்த்தோம். அவர் ஜாக்கியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார்.

"நல்லது" என்றார்.

அந்த "நல்லது" யார் மேல் என்று எங்களுக்குப் புரிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

நசீமா அந்த வாரமே வந்தாள். என் கவுண்டரில்தான் பஞ்சாயத்து. பழைய பால் ஜாயிண்டையே திரும்பப் போட்டுவிடலாம் என்றேன் நான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "வளைவுல சாயறது போனதே பெரிய விஷயம்க்கா. அதுக்கு ஜோடி டை ராட் எண்ட் தனியா விக்கறாங்க. நாந்தான் வேண்டியதில்லன்னு விட்டுட்டேன்."

வரவழைத்ததில் மூன்று நீளம் இருந்தது. மிக நீளமானதைத்தான் அவள் எடுத்தாள். பால் ஜாயிண்ட் எவ்வளவு இறங்கியதோ அதுவும் அவ்வளவு இறங்கும். கணக்குப்படி சரி. ஆனால் நான் அதைச் சக்கரத்தின் அச்சில் மாட்டி ரிம்முக்குள் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ரிம்மின் உள் விளிம்புக்கும் அதற்கும் நடுவில் ஒரு காகிதம்தான் நுழைந்தது. டயர் அழுந்தினால் உரசும். இன்னொரு வகையும் இருந்தது, சக்கரத்தின் அச்சில் உள்ள கூம்பு ஓட்டையைக் குடைந்து நேர் போல்ட் போடுகிற மாதிரி. பாய் அதைத் தொடக்கூட இல்லை. "கொடஞ்ச ஓட்டைய திரும்ப அடைக்க முடியாது. நாளைக்கு இந்த வண்டிய வாங்கறவனுக்கு இது தெரியுமா?" என்றார். ஆக மிச்சம் நடு நீளம். அது ரிம்மில் படாது, ஆனால் முழுசாக ஈடுகட்டாது.

"மீதிய ஸ்பிரிங்குல எடுக்கலாம்" என்றேன். "ஒரு வெரல் ஒசத்துனா போதும்."

நசீமா முகம் சுருங்கியது. "ஒசத்துனா பாக்க நல்லாருக்காதுக்கா."

அப்போது பாய் பேசினார். மகளிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "நசீமா, இந்த வண்டி என்னை ரெண்டு வாரம் அழ வெச்சிருக்கு. நீ வாரா வாரம் ஈசிஆர்ல வர்ற. ஒரு பள்ளத்துல இது தன்னால திரும்பிச்சுன்னா நான் எதுக்கு இந்தக் கையோட இருக்கணும்?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. ரேக்குக்குப் பின்னால் நடந்ததை நான்தான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பிரிங் ஒரு விரல் உயர்ந்தது.

எல்லாம் மாட்டி, மறுபடி பலகையும் நூலும் வைத்து, ஜாக்கியை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். பலகை நூலோடு ஒட்டியே ஏறியது, ஒட்டியே இறங்கியது. ட்ரையலுக்கு சேகர் சாவியை பாயிடம் நீட்டினான். பாய் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏறும்மா." அத்தனை வருஷத்தில் ட்ரையலுக்கு என்னைக் கூப்பிட்டது அன்றுதான்.

ரெட்டியார்பாளையம் வரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து ஓட்டினார், புதுசாக லைசென்ஸ் எடுத்தவர் மாதிரி. கேட் தெரிந்ததும் ஒரு கையை எடுத்தார். தண்டவாளத்துக்கு முன்னால் இரண்டு விரல். முதல் சக்கரம் ஏறியது, அடுத்தது ஏறியது, இறங்கியது. ஸ்டீரிங் சும்மா இருந்தது. அப்பால் போய்த் திருப்பிக்கொண்டு மறுபடி வந்தார். அப்போதும் சும்மா இருந்தது. மூன்றாம் தடவை தண்டவாளத்தைத் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, தலையை ஸ்டீரிங்கில் சாய்த்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, கேட்டில் நிற்கிற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்கு வந்ததும் நேராகப் போய்க் கை கழுவினார். பசங்கள் விசில் அடித்தார்கள். பிறகு ஸ்டோருக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து அந்த பேரிங் குண்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். "ஸ்டோர் பொருளு. வரவு வெச்சுக்க." நான் அதை ரேக்கில் போடவில்லை. கவுண்டரிலேயே ஒரு மூடியில் வைத்துக்கொண்டேன். கார் கழுவுகிற கடை வேறு எங்கேயோ வந்தது.

அதற்குப் பிறகு வெகுகாலம் அந்தக் கை எங்களுக்குக் கிடைத்தது. இறக்கின வண்டிகள் நிறைய வந்தன. யார் எந்தப் பாகத்தைக் கொண்டுவந்தாலும் பாய், "மொதல்ல தனத்துக்கிட்ட போய் ஜோடி இருக்கான்னு கேளு" என்பார். மிஷின் பச்சை காட்டிய பிறகும் சக்கரத்தை ஏற்றி இறக்கிப் பார்ப்பது மூன்றாவது சட்டமானது. கேட் இருந்த இடத்தில் மேம்பாலம் வந்ததும் ட்ரையலுக்கு வேறு கோணல் இடம் தேடி அலைந்தார். அந்த நாட்களெல்லாம் எனக்கு வேண்டும், இன்னொரு தடவை வேண்டும்.

பாய் மவுத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குச் சில வருஷம் முன்னால், நான் ரிட்டையராகப் போகிற சமயம், ஒரு மத்தியானம் ஸ்டோருக்கு வந்தார். "அந்தக் குண்டக் குடும்மா" என்றார். மூடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ரேக்குக்குப் பின்னால் போகவில்லை. என் எதிரிலேயே கையை நீட்டி உள்ளங்கையில் வைத்தார். குண்டு ஒரு பக்கம் நகர்ந்தது, மறு பக்கம் வந்தது, விளிம்பைத் தாண்டிக் கவுண்டரில் விழுந்து உருண்டது. நான்தான் பிடித்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சிரித்தார்.

"இந்தத் தடவ வண்டி இல்ல தனம்மா. ஷெட்டுக்குள்ளயே நம்ம சொந்த வண்டி மூணயும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் வரேன்."

சாவிக்கொத்தைக் கவுண்டரில் வைத்தார்.

"சேகர வரச் சொல்லு."